கண்ணாடிக்காரர் பதில்கள்: பூனை மேல் பழி போடாதீர்கள்

காட்பாடி ரோட்டில் ஜன்னலுக்கும் ஷோகேஸுக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுக்கத்தான் நான் கடை போட்டேன். ஒரு நாள் ஒருவர் வந்து மீன் தொட்டி ஒட்டித் தருவீர்களா என்று கேட்டார். ஒட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை அவர் வீட்டுக் கூடம் முழுக்கத் தண்ணீர். இரண்டாவது தொட்டி ஒழுகவில்லை. அப்புறம் தொட்டி வாங்க வந்தவர்கள் மீனும் கேட்டார்கள். சென்னை கொளத்தூரிலிருந்து சரக்கு வரவழைத்தேன். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் தெருவில் நான் கண்ணாடிக்காரர்தான், மீன்காரர் என்று யாரும் கூப்பிடுவதில்லை.

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்வி: "இந்த மீனோடு எந்த மீனை விடலாம்?" கேட்டவர்கள் வளர்ப்பதோ ஆஸ்கர், அரோவனா, ஃபிளவர்ஹார்ன், விரால். ஆகையால் இந்த இதழ் முழுவதும் அடுத்த மீனை விழுங்கும் கூட்டத்துக்கே.

"மகனின் பிறந்த நாளுக்கு 2 அடித் தொட்டியில் இரண்டு ஆஸ்கர் குஞ்சு, பத்து கப்பி, நாலு மோலி வாங்கிக் கொடுத்தோம். ஐந்து மாதம் ஆகிறது. கப்பியும் இல்லை, மோலியும் இல்லை. செத்து மிதந்ததையும் நாங்கள் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. அதன் வேலையாக இருக்குமா? ஆஸ்கர் இரண்டும் தனியாக இருப்பதால், துணைக்குத் தங்க மீன் விடலாமா?"
— ஒரு தாய், சத்துவாச்சாரி

பூனை மேல் பழி போடாதீர்கள், தங்கச்சி. தொட்டிக்குள்ளேயே இரண்டு பூனை வளர்க்கிறீர்கள். என் கடைக்கும் இப்படி ஒருத்தர் வந்து, "இன்னாண்ணே, டெய்லி எண்றேன், டெய்லி ஒண்ணு கம்மியாவுது" என்றார். ராத்திரி விளக்கணைத்த பிறகு நடக்கிற கணக்கு அது.

ஆஸ்கர் தென் அமெரிக்காவின் அமேசான் பக்கத்து மீன். கடையில் விற்கும்போது ஒன்றரை, இரண்டு அங்குலம். கறுப்பில் ஆரஞ்சுக் கோடு போட்டு, பொம்மை மாதிரி இருக்கும். நல்ல தீனி கிடைத்தால் மாதத்துக்கு ஓர் அங்குலம் வளரும். ஒன்றரை வருஷத்துக்குள் ஓர் அடியை நெருங்கிவிடும். பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். உங்கள் மகன் பத்தாவது படிக்கிற வரைக்கும் அது உங்கள் வீட்டில்தான்.

அதன் வாயைப் பாருங்கள். மூடியிருக்கும்போது சின்னதாகத்தான் தெரியும். தீனி எடுக்கிற நேரம் தொட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்து கவனியுங்கள். உதடு குழாய் போல முன்னால் நீண்டு, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். கடிப்பது, துரத்துவது எல்லாம் அப்புறம். முதல் வேலை உறிஞ்சுவது. அந்தக் குழாய்க்குள் எது நுழையுமோ அதெல்லாம் அதற்குத் தீனி. கப்பி, மோலி, நியான் டெட்ரா எல்லாம் அதற்கு அவல் பொரிதான். கோபத்தினால் தின்னவில்லை. அதை மகனுக்குச் சொல்லிப் புரிய வையுங்கள், பாவம், அழுதிருப்பான்.

"சின்ன வயசிலிருந்து ஒன்றாகவே வளர்ந்ததாச்சே" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். ஒன்றாக வளரவில்லை என்பதுதான் விஷயம். கப்பி முழுசாக வளர்ந்தாலே ஒன்றரை, இரண்டு அங்குலம். ஆஸ்கர் மூன்று மாதத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. நேற்றைய பக்கத்து வீட்டுக்காரன் இன்றைக்கு வாயில் நுழைகிற அளவுக்கு இருந்தால், விருந்துதான்.

தங்க மீன் வேண்டாம். ஒன்று, அது மெதுவாக நீந்தும், மிருதுவான உடம்பு. இன்றைக்கு விழுங்க முடியாவிட்டாலும் துடுப்பைக் கிழிக்கும், நாலு மாதம் கழித்து விழுங்கும். இரண்டு, தங்க மீனின் உடம்பில் தயாமினேஸ் என்று ஒரு பொருள் இருக்கிறது. வைட்டமின் பி1-ஐச் சிதைப்பதுதான் அதன் வேலை. தங்க மீனையே தொடர்ந்து தின்கிற மீன் நாளடைவில் நோஞ்சானாகும். இரைக்கென்றே ஃபீடர் என்று மலிவாக விற்கிற தங்க மீன்களோடு வெள்ளைப் புள்ளி நோயும் இலவசமாக வரும். தங்க மீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், ஆஸ்கருக்கு வெதுவெதுப்பு வேண்டும் என்றும் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். வேலூரில் குளிர்ந்த தண்ணீர் என்பதே மார்கழியில் பத்து நாள், அதனால் அந்தக் காரணத்தை நான் பெரிதாகச் சொல்வதில்லை.

சரி, எதை விடலாம்? துணை தேடும்முன் வீட்டைப் பாருங்கள். தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை அடிக் கணக்கில் பெருக்கி, வருவதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். உங்களுடையது 2 × 1 × 1 என்றால் 56 லிட்டர். ஒரே ஒரு ஆஸ்கருக்கு 4 × 1½ × 1½, அதாவது 250 லிட்டர் குறைந்தபட்சம். இரண்டும் வேண்டும், துணையும் வேண்டும் என்றால் 6 × 2 × 2-க்குக் கீழே நான் ஒட்டித் தரமாட்டேன். அது கிட்டத்தட்ட 670 லிட்டர். தண்ணீர் மட்டுமே 670 கிலோ, கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. மாடி வீட்டில், அதுவும் வாடகை வீட்டில் இருந்தால், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அளவுக்குத் தொட்டி வந்துவிட்டால், என் கைராசியான சேர்மானம் சில்வர் டாலர். தட்டு மாதிரி வட்டமான உடம்பு, ஆஸ்கர் வாயில் நுழையாது. இலை தழை தின்னும், வேகமாக ஓடும், யாரையும் சீண்டாது. ஒன்று இரண்டு விட்டால் மிரண்டு மூலையில் ஒதுங்கும், ஐந்தாறாக விடுங்கள். வாங்கும்போதே உள்ளங்கை அகலத்துக்கு இருக்க வேண்டும். நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஆறு அங்குல மீன் பென்சில் போல மெலிந்திருந்தால் உள்ளே போய்விடும், நாலு அங்குல மீன் ரூபாய் போல வட்டமாக இருந்தால் போகாது. உயரம்தான் முக்கியம்.

அடுத்தது செவரம். ஆஸ்கருக்குத் தூரத்து உறவு, சாது. இடம் தாராளமாக இருந்தால் டின்ஃபாயில் பார்ப், அதுவும் ஓர் அடி வளரும். பேரட் மீன் சிலர் விடுகிறார்கள். தைவானில் இரண்டு இனத்தைக் கலந்து உண்டாக்கிய மீன் அது, வாய் சரியாக மூடாது. சண்டை வந்தால் திருப்பிக் கடிக்க வழியில்லை. எனக்கு மனசு ஒப்புவதில்லை.

சக்கர் மீனைப் பற்றி ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடை போட்ட புதிதில், சைதாப்பேட்டையிலிருந்து (நம்ம வேலூர் சைதாப்பேட்டைதான்) வந்த ஒருவருக்கு எட்டு அங்குல ஆஸ்கரோடு மூன்று அங்குல சக்கரையும் போட்டுக் கொடுத்தேன். "பாசி தின்னும், தொட்டி சுத்தமாக இருக்கும்" என்று பெருமையாக வேறு சொன்னேன். மூன்றாம் நாள் பக்கெட்டோடு வந்து நின்றார். ஆஸ்கர் வாயிலிருந்து சக்கரின் வால் மட்டும் வெளியே தெரிந்தது. சக்கருக்கு ஆபத்து என்றால் பக்கத் துடுப்பின் முள்ளை விறைத்து நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. கண்ணாடி ஒடிக்கிற குறடால் முள்ளை நறுக்கி எடுத்தேன். ஆஸ்கர் பிழைத்தது, சக்கர் பிழைக்கவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. சக்கர் விடுவதாக இருந்தால் ஆஸ்கரைவிடப் பெரியதாக விடுங்கள், இல்லாவிட்டால் விடாதீர்கள்.

புது மீனை விடுகிற அன்று தொட்டியிலுள்ள கல்லையும் கட்டையையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய மீனுக்குத் தன் எல்லை எது என்று குழம்ப வேண்டும். முதலில் ஆஸ்கருக்கு வயிறு நிறையத் தீனி போடுங்கள், விளக்கை அணையுங்கள், அப்புறம் புது மீனை எல்லாம் ஒரே சமயத்தில் விடுங்கள். ஒவ்வொன்றாக விட்டால் ஒவ்வொன்றும் தனியாக அடி வாங்கும். ஆஸ்கர் இரண்டு நாள் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துச் செத்தது மாதிரி நடிக்கலாம். பயப்படாதீர்கள், கோபித்துக்கொண்டிருக்கிறது.

"என் ஃபிளவர்ஹார்னுக்கு ஜோடி வாங்க வேண்டும். தனியாக இருப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. எந்த மீன் நல்லது?"
— தறிக்காரர், குடியாத்தம்

எதுவும் நல்லதில்லை. ஃபிளவர்ஹார்ன் காட்டில் பிறந்த மீன் கிடையாது. 1990-களில் மலேசியாவில் சில சிக்லிட் இனங்களை, அதாவது ஆஸ்கரின் குடும்பத்து மீன்களை, கலந்து உண்டாக்கினார்கள். கலந்ததில் நிறமும் நெற்றி மேடும் வந்தன, கூடவே மூர்க்கமும் வந்தது. தொட்டி முழுவதும் தன் வீடு என்று நினைக்கிற மீன். ஜோடியாக விட்டால் காலையில் ஒன்றுதான் இருக்கும், அதுவும் துடுப்பு கிழிந்து.

சங்கடப்படுவது நீங்கள்தான், அது படவில்லை. பொழுது போகவில்லை என்று தோன்றினால் ஒரு பிளாஸ்டிக் பந்தைப் போட்டுப் பாருங்கள், முட்டித் தள்ளி விளையாடும். பக்கத்தில் வேறொரு தொட்டியை வைத்தால் கண்ணாடி வழியே முறைத்துக்கொண்டு கொஞ்சம் துடிப்பாக இருக்கும், ஆனால் நாள் முழுக்க வைக்காதீர்கள், நடுவில் அட்டையைச் செருகி மறைத்துவிடுங்கள். வாஸ்துவுக்காக வாங்கியிருந்தால், எனக்குத் தெரிந்து எந்த வாஸ்துக்காரரும் ஜோடி கேட்டதில்லை.

"4 அடித் தொட்டியில் சில்வர் அரோவனா ஒன்றும் 5 அங்குல ரெட் டெயில் கேட்ஃபிஷ் ஒன்றும் இருக்கின்றன. தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும் என்று வாங்கிய இடத்தில் சொன்னார்கள். இரண்டும் இப்போது ஒற்றுமையாகத்தான் இருக்கின்றன. கூட ஒரு அலிகேட்டர் கார் மீன் விடலாமா?"
— வங்கி ஊழியர், காட்பாடி

ஐயா, இந்த "தொட்டி அளவுக்குத்தான் வளரும்" என்பதை எங்கள் தொழிலில் யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, விற்பனைக்கு நல்ல வாசகம். சின்ன செருப்புப் போட்டால் பிள்ளையின் கால் வளராமலா இருக்கிறது? நெருக்கமான தொட்டியில் கழிவு சேர்ந்து, முதுகு வளைந்து, சீக்கிரம் செத்துப்போகும். வளர்ச்சி நின்றதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ரெட் டெயில் கேட்ஃபிஷ் அமேசானிலும் ஒரினோகோவிலும் வாழ்கிற பெரிய கெளுத்தி. ஒரு மீட்டரைத் தாண்டும். தலையில் பாதி வாய்தான். தன் நீளத்தில் பாதி இருக்கிற மீனை அப்படியே விழுங்கும். கல்லையும் விழுங்கும், ஹீட்டரையும் விழுங்கப் பார்க்கும். பகலில் அடியில் மீசையை ஆட்டிக்கொண்டு படுத்திருப்பதைத்தான் ஒற்றுமை என்கிறீர்கள். அதன் நேரம் இன்னும் வரவில்லை.

அரோவனா மேல்மட்டத்து மீன். வாய் மேல்நோக்கித் திறக்கும், மேலே மிதக்கிற பூச்சியை எடுக்கப் படைத்த வாய். தன் ஆற்றில் தண்ணீரை விட்டு எம்பிக் கிளையிலிருக்கிற பூச்சியைப் பிடிக்கும். உங்கள் வீட்டில் கிளை இல்லை, தரைதான் இருக்கிறது. மூடி இல்லாத தொட்டியில் அரோவனா வளர்த்த ஒருவர், ராத்திரி டொப்பென்று சத்தம் கேட்டுத் தேங்காய் விழுந்தது என்று நினைத்துத் திரும்பிப் படுத்தாராம். கனமான மூடி போடுங்கள், மூடி மேல் செங்கல் வையுங்கள்.

அதற்கு நீளத்தைவிட அகலம் முக்கியம். சில்வர் அரோவனா முக்கால் மீட்டருக்கு மேல் வளரும். உடம்பை மடக்கித் திரும்ப இடமில்லாவிட்டால் மூக்கு இடித்து இடித்து முகவாய் வீங்கும். 8 × 3 அடி இடம் இருந்தால்தான் அதை மூப்பு வரை வைத்துக் காப்பாற்ற முடியும். அந்த இடத்தில் கீழ்மட்டத்துக்குப் பெரிய சக்கரோ, நடுமட்டத்துக்கு டேட்னாய்டு என்கிற வரிப்புலி மீனோ, பெரிய சில்வர் டாலர் கூட்டமோ விடலாம். மேல்மட்டத்தில் போட்டி வேண்டாம், ஆளுக்கொரு மாடி இருந்தால் சண்டை குறையும். சொல்ல மறந்தேன்: ஆசிய அரோவனா வேறு, அது அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. யாராவது காகிதம் இல்லாமல் தங்க நிற அரோவனா தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

அலிகேட்டர் கார் கூடவே கூடாது. வட அமெரிக்க ஆறுகளில் இரண்டு மீட்டருக்கு வளரும். வீட்டில் வைக்க முடியாமல் யாரோ ஏரியில் விட்டதால்தானே 2023-இல் போபால் பெரிய ஏரியிலும் காஷ்மீரின் தால் ஏரியிலும் வலையில் மாட்டிச் செய்தியானது. உங்கள் கெளுத்தியையும் இப்போதே பெரிய குளம் வைத்திருக்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இன்னும் ஆறு மாதம் போனால் அரோவனா மிஞ்சாது.

"பிரானா என்று சொல்லி விற்ற மீன் என்னுடையது. வயிறு சிவப்பாக இருக்கிறது. கூட எதை விடுவது? தொட்டிக்குள் கை விட பயமாக இருக்கிறது."
— கல்லூரி மாணவர், வாலாஜா

பல்லைப் பாருங்கள், தம்பி. பிரானாவுக்கு அரம் போல முக்கோணப் பல், கீழ்த்தாடை முன்னால் துருத்தியிருக்கும். உங்களுடையதற்கு நம்முடைய கடைவாய்ப் பல் மாதிரி தட்டையாக இருந்தால் அது பாக்கு. மீன் மார்க்கெட்டில் ரூப்சந்த் என்று குழம்புக்கு விற்கிறார்களே, அதே மீன். நம்ம கடைகளில் பிரானா என்று விற்பதில் பெரும்பாலும் இதுதான். பழமும் கொட்டையும் தின்கிற பிராணி, ஆனால் இரண்டு அடிக்கு மேல் வளரும். துணையைப் பற்றிக் கவலைப்படுவதைவிட அதன் அளவைப் பற்றிக் கவலைப்படுங்கள். கையை விடலாம், விரலைக் கொட்டை மாதிரி நீட்டாதீர்கள்.

"ஏரி மதகில் விரால் குஞ்சு பிடித்து வந்தேன், ஏழெட்டு இருக்கும். இவற்றோடு ஜிலேபி மீன் சேர்த்து வளர்க்கலாமா? நண்பர்கள் நாட்டு மீன் வளர்ப்பதைக் கிண்டல் செய்கிறார்கள்."
— ஐடிஐ மாணவர், ஆற்காடு

கிண்டல் செய்கிறவர்களிடம் சொல்லுங்கள்: இவர்கள் அமேசானிலிருந்து வரவழைக்கிற அத்தனை மீனின் குணமும் நம்ம விராலிடம் இருக்கிறது. இந்தக் கடிதம்தான் இந்த மாதம் எனக்குப் பிடித்தது.

விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன். செவுள் மட்டும் அதற்குப் போதாது, அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடிக்க வேண்டும். மேலே வர விடாமல் தடுத்தால் மீன் தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் சாகும். அதனால்தான் கோடையில் ஏரி வற்றினாலும் சேற்றில் கிடந்து பிழைக்கிறது, மார்க்கெட்டில் துளித் தண்ணீரில் மணிக்கணக்காகத் துள்ளுகிறது. தொட்டியில் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நாலு விரல் இடம் விடுங்கள். மூடி கட்டாயம். அரோவனாவுக்குச் சொன்ன செங்கல் இதற்கும் பொருந்தும்.

நீங்கள் பிடித்த குஞ்சுகள் செம்பு நிறமாக, கூட்டமாக, பந்து போலச் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். பந்துக்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் இருந்திருக்கும். தூண்டில் போடுகிறவர்களுக்கு இது தெரியும், குஞ்சுப் பந்தின் மேல் தவளையை ஆட்டினால் தாய் விரால் சீறிக்கொண்டு வரும். இனிமேல் பந்திலிருந்து எடுக்காதீர்கள், அல்லது இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காவல் முடிந்த மறுநாளே அண்ணன் தம்பியைத் தின்ன ஆரம்பிக்கிற இனமும் இதுதான். ஏழெட்டும் ஒரே அளவில் இருக்கும் வரை சரி. ஒன்று மட்டும் தலை பெருத்துத் தெரிந்தால் அன்றைக்கே தனியாக எடுங்கள். வாரம் ஒரு தரம் அளவு பிரிப்பதைப் பண்ணைக்காரர்களும் செய்கிறார்கள்.

ஜிலேபி நல்ல யோசனை, நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லாவிட்டாலும். ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டு 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன், இன்றைக்கு ஜிலேபி இல்லாத ஏரி இல்லை. குளத்தில் கணக்கில்லாமல் குஞ்சு பொரிப்பதால், குஞ்சுகளைத் தின்று குறைக்கவே விராலை விடுவார்கள். ஆக, சின்ன ஜிலேபி விட்டால் அது தீனி. கையளவு ஜிலேபி விட்டால் முதுகு முள்ளை விரித்து நிற்கும், உங்கள் விரல் நீள விராலை அதுவே துரத்தும். விரால் ஓர் அடி ஆனதும் கதை திரும்பும். இரண்டுக்கும் பொருந்துகிற வயசு நடுவில் சில மாதம்தான்.

எனக்கு யோசனை கேட்டால்: ஒரே ஒரு விரால், 4 அடித் தொட்டி, மிதக்கிற பாசி, மங்கலான வெளிச்சம். இடம் கம்மி என்றால் குறவை வளருங்கள், சிறிய உடம்பு, அதே குணம். உயிருள்ள தீனியிலேயே பழக்கிவிடாதீர்கள். மண்புழுவில் தொடங்கி, உரித்த இறால் துண்டு, அப்புறம் பெல்லட் என்கிற கடைத் தீனிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் விராலுக்கு ஒன்றும் ஆகாது, உங்களுக்குத்தான் மனசு கேட்காது.

வளர்த்து அலுத்துப்போனால் பிடித்த ஏரியிலேயே விட்டுவிடலாம் என்று தோன்றும். கடையில் வாங்கிய மீனோடு ஒரே தொட்டியில் இருந்திருந்தால் விடாதீர்கள், நோயையும் சேர்த்து விடுவீர்கள். வெளிநாட்டு மீனுக்கு இது பத்து மடங்கு. 2021 நவம்பர் மழையில் கோட்டை அகழித் தண்ணீர் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் வந்து நின்றதும், பாலாற்றில் கரை தொட்டு வெள்ளம் போனதும் நாம் பார்த்தோமே. அகழியில் விட்டது அகழியிலேயே இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் இன்று வலையைக் கிழிக்கிற சக்கர் எல்லாம் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன வம்சம்தான்.

"போர் தண்ணீர்தான் இருக்கிறது, உப்பு. மே மாதம் ஆஸ்கரும் செவரமும் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவும் ஆரம்பித்தன. அதுவரைக்கும் நன்றாகப் பழகியவைதான். சேர்மானம் தப்பா?"
— ஓய்வுபெற்ற ஆசிரியை, ராணிப்பேட்டை

சேர்மானம் சரிதான் டீச்சர், தண்ணீர்தான் தப்பு. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். நம்ம ஊர் கத்திரி வெயிலில் மொட்டை மாடி டேங்கிலிருந்து வருகிற தண்ணீரில் காபியே கலக்கலாம். அதோடு பெரிய மீனுக்குக் கழிவும் பெரிசு. கழிவிலிருந்து வருகிற அம்மோனியா, தண்ணீர் சூடாகவும் காரத்தன்மையோடும் இருந்தால் பல மடங்கு விஷமாகிறது. உங்கள் போர் தண்ணீர் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. மூச்சு முட்டுகிற வீட்டில் சண்டை வராமல் என்ன செய்யும்? மின்விசிறி நின்றுபோன கல்யாண மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள்.

கோடையில் இரண்டு ஏர் பம்பு போடுங்கள், ஒன்று பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். மூடியைத் தூக்கி வலையைப் போட்டு, மேலே ஒரு சின்ன மின்விசிறி திருப்பினால் இரண்டு டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். தீனியைப் பாதியாக்குங்கள். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை, விடியற்காலையில், முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரால் மாற்றுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் கிடைத்தால் அதைக் கலந்து உப்பைக் குறைக்கலாம், குளோரின் போக ஆன்டி குளோரின் நாலு சொட்டு விடுங்கள்.

உங்கள் பக்கத்துத் தண்ணீருக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இந்தப் பாலாற்றுப் படுகைக்காகத்தான். கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் வேறு. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்துவிட்டு அப்புறம் மீன் வாங்குவது புத்திசாலித்தனம்.

கடினத் தண்ணீரை மாற்ற முடியவில்லை என்றால் மீனை மாற்றலாம். ஆப்பிரிக்கன் சிக்லிட் என்று விற்கிற மலாவி ஏரி மீன்களுக்குக் கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீர்தான் சொந்த ஊர். நீலமும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும். சண்டைக்காரர்கள்தான், ஆனால் இங்கே வைத்தியம் தலைகீழ். நாலைந்து மட்டும் விட்டால் ஒன்றைப் பிடித்து எல்லாம் அடிக்கும். 4 அடித் தொட்டியில் பதினைந்துக்கு மேல் விட்டுக் கற்களை அடுக்கிக் குகை குகையாக வைத்தால், அடி பகிர்ந்து போகும், யாருக்கும் பெரிதாக விழாது. அதற்கேற்ற ஃபில்டர் மட்டும் வேண்டும். ஆஸ்கரோடு சேர்க்காதீர்கள். அதன் மாமிசத் தீனியைப் பாறைப் பாசி தின்று பழகிய இவை தின்றால் வயிறு உப்பிச் சாகும்.

"சக்கர் மீன் மற்ற மீன்களின் கழிவைத் தின்னுமா?"
— வாசகர், பேரணாம்பட்டு

தின்னாது. தன் பங்குக்குக் கழிவு போடும்.

"என் ஃபைட்டர் மீனுக்கு ஃபிரெண்ட் வேணும். அம்மா வேணாம்னு சொல்றாங்க."
— ஏழாம் வகுப்பு மாணவி, வேலப்பாடி

அம்மா சொல்வது சரி. இன்னொரு ஃபைட்டர் கூடாது, கப்பியும் கூடாது, அதன் நீளமான வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்து அடிக்கும். ஒரு நத்தை விட்டுப் பார். பெயர் வைத்துக் கடிதம் போடு.

"ஊருக்கெல்லாம் சேர்மானம் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டுத் தொட்டியில் என்னென்ன மீன்?"
— வாசகர், பாகாயம்

ஒன்றே ஒன்று, ஓர் ஆஸ்கர். வீடு மாறிப்போன ஒருவர் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடையில் விட்டுவிட்டுப் போனார், விற்க மனசு வரவில்லை. ஒரு முறை ஆறு சில்வர் டாலர் துணைக்கு விட்டேன். தின்னவில்லை, அடிக்கவில்லை, மூன்று வாரம் மூலையில் சாய்ந்து படுத்துக்கொண்டு தீனியைத் தொடவே இல்லை. திருப்பி எடுத்துவிட்டேன். இப்போது என் மனைவி இறால் டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டால் சமையல்கட்டுப் பக்கத்துக் கண்ணாடியில் வந்து முட்டுகிறது. பெல்லட் போட நான் போனால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறது.